அவளை ஏன் அழகியாக்கவில்லை?

அன்புள்ள அக்கா,

காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பூட்டின வீட்டுப் பேய்ப்பெண்ணைப் பற்றிய உங்கள் கதையை ஒரே ராத்திரியில் படித்தேன், லைட்டை அணைக்காமல். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காக ஊருக்கு வரும் பையனை அவள் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே இருக்கும் இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் கடைசிவரை அவளுக்கு அந்த நகமும் பல்லும் அப்படியே இருக்கின்றன. ஒரு நாளாவது அவளை அழகான பெண்ணாக மாற்றியிருக்கக் கூடாதா? அவள் பாவம் இல்லையா?

அன்புள்ள தங்கச்சி,

மாற்றிப் பார்த்தேன். முதலில் எழுதியதில் அவள் அழகியாகிறாள், அவன் கையைப் பிடிக்கிறான். திரும்பப் படித்தபோது எனக்கே கோபம் வந்தது. அவன் பிடித்தது வேறு யாரோ ஒருத்தியின் கையை. அத்தனை நாள் ஏங்கினவள் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.

வால்மீகியில் சூர்ப்பணகை தன் சொந்த உருவத்தோடு இராமன் முன்னால் வருகிறாள். கம்பன் அவளை மயிலாக, அன்னமாக நடக்கவைத்துக் கூட்டிவருகிறான். இடும்பியும் அழகிய பெண்ணாக மாறின பிறகுதான் பீமனிடம் பேசுகிறாள். இதற்கு நேர் எதிராகப் போனவர் காரைக்கால் அம்மையார். சிவனை வேண்டியதும் இவர் கைக்கு மாங்கனி வந்த விதத்தைப் பார்த்து மிரண்ட கணவன் கப்பலேறிப் போய், பாண்டிநாட்டில் இன்னொரு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்கு இவர் பெயரையே வைத்து, இவர் தேடி வந்தபோது குடும்பத்தோடு காலில் விழுகிறான். கட்டினவன் கும்பிட ஆரம்பித்த பிறகு அங்கே வாழ என்ன இருக்கிறது? அவனுக்காகச் சுமந்த உடம்பே வேண்டாம் என்று பேய் உருவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 'காரைக்கால் பேய்' என்று பாட்டில் அவரே தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அந்த உருவத்தோடு கயிலைக்குத் தலையால் நடந்து போனவரைத்தான் சிவன் 'அம்மையே' என்று கூப்பிட்டார். பக்தி வேறு, பதினேழு வயதுக் காதல் வேறு, சரி. ஆனாலும் எழுதின நாளெல்லாம் அவர்தான் மனதில் இருந்தார்.

அப்புறம், கானாடுகாத்தான் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில், இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். பங்காளிகள் ஏழு வீடு, சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. 'உள்ளே ஒருத்தி இருக்கா, அங்கிட்டுப் போகாதே' என்பார்கள் அப்பத்தா. எட்டு வயதில் எனக்கு, அவளுக்குப் பசிக்குமே என்றுதான் கவலை. ஒரு ராத்திரி கதவடியில் வெள்ளைப் பணியாரம் ஒன்றை வைத்துவிட்டு, பக்கத்துச் சுவரில் கன்னத்தை ஒட்டிக் காது கொடுத்தேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், சித்திரையிலும் ஜில்லென்று தோல் மாதிரி வழுவழுப்பாக இருக்கும். கதையில் அவள் சுவரில் கன்னம் வைத்து, இன்னொருவரைத் தொட்டால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைப்பது அந்த ராத்திரியிலிருந்து வந்தது. காலையில் பணியாரம் இல்லை.

பாவம் என்று எழுதியிருந்தாய். அவள் அதைக் கேட்கவில்லை, நகத்தோடு இருக்கிற கையை ஒருவன் தொடவேண்டும் என்றுதான் கேட்கிறாள். கடைசியில் அவன் கை நடுங்குவதைக் கவனித்தாயா? நடுங்கிக்கொண்டே எடுக்காமல் வைத்திருக்கிறான். பயமே இல்லாத ஒருவனை என்னால் நம்ப முடியவில்லை, அவளாலும் முடியாது.

போன வருடம் அந்த அறையின் கதவையும் நிலையையும் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி அவள் எங்கே போவாள் என்று யோசித்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போதுதான் முதல் பக்கத்தை எழுதினேன்.