சிறுநீரகக் கல் வந்தால் பால், மோர், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் வயிறு எரிஞ்சது. ரெண்டு வருஷம் மோர் இல்லாம சோறு தின்னவன் நான். உங்ககிட்டயும் யாரோ "கல்லுல இருக்கிறது கால்சியம், பாலை நிறுத்து"ன்னு சொல்லியிருப்பாங்க.

எனக்குக் காரைக்குடில பலகாரக் கடை. ஒரு கல்யாண ஆர்டருக்கு மனகோலம் பிழிஞ்சுகிட்டு இருந்தப்ப இடுப்புல பிடிச்ச வலி, அடிவயிறு வரைக்கும் இறங்கிச்சு. மாவு மூட்டை மேலயே சுருண்டுட்டேன். ஸ்கேன்ல 4 மி.மீ. கல். வீட்டுல ஆளாளுக்கு வாயைக் கட்டச் சொன்னாங்க. அப்பத்தா ரசத்துல இருந்து தக்காளி விதையைக்கூட வடிகட்டுச்சு. நானும் மோரை விட்டேன். பசிச்சா கடையில உடைசல் முந்திரி ஒரு கை. ரெண்டே வருஷத்துல அடுத்த கல், 6 மி.மீ.



இந்தத் தடவை ஒரு டயட்டீஷியன் பொண்ணுகிட்ட அனுப்பினாங்க. எடுத்ததுமே, "அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவீங்க?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"அப்புறம் கல்லு வராம என்ன செய்யும்?"

அடுப்பு முன்னால குடிச்சது பூரா வேர்வையாப் போயிருக்கு. குடிக்கிற கணக்கு இல்லையாம், வெளிய போறது 2.5 லிட்டர் இருக்கணுமாம். அளந்து பார்த்தேன், முக்கால் லிட்டர்கூட இல்ல.

என் கல் கால்சியம் ஆக்சலேட், அதாவது கால்சியமும், சில சாப்பாட்டுல இருக்கிற ஆக்சலேட்ங்கிற பொருளும் சேர்ந்த கல். ஆக்சலேட் முந்திரி, பாதாம், பாலக்கீரை, பீட்ரூட்ல நிறைய. சோத்தோட மோர் போனா, மோர்ல உள்ள கால்சியம், சாப்பாட்டுல வர்ற ஆக்சலேட்டைக் குடல்லயே பிடிச்சு வெளிய தள்ளிடும். மோரை விட்டுட்டு முந்திரி தின்னவனுக்கு அந்த ஆக்சலேட் நேரா சிறுநீரகத்துக்குப் போகும். தக்காளில ஆக்சலேட் கம்மி. அப்பத்தா வடிகட்டுனது வீண். இத்தாலில 2002ல வந்த ஆய்வுல, கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆம்பளைங்களை 5 வருஷம் பார்த்திருக்காங்க. பால் பொருளைக் குறைச்ச 60 பேர்ல 23 பேருக்கு மறுபடி கல். வழக்கம்போல கால்சியம் சேர்த்து, உப்பையும் கறியையும் குறைச்ச 60 பேர்ல 12 பேருக்குத்தான்.

உப்புதான் எனக்குக் கஷ்டம். உப்புக்கண்டம், மோர் மிளகாய், ஊறுகாய் எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராம்னா எங்க ஊர்ல எப்படி? பாதி குறைச்சிருக்கேன், பொய் சொல்லல.

வாழைத்தண்டுக்காரங்க சண்டைக்கு வர வேண்டாம், நானும் குடிக்கிறேன். நான் டாக்டரும் இல்ல. யூரிக் அமிலக் கல்லுக்குப் பத்தியம் வேற. இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க கேட்காம லிட்டர் கணக்குல தண்ணி குடிக்காதீங்க. கல்லு வெளிய வந்தா பிடிச்சு, என்ன வகைக் கல்லுன்னு பார்க்க டெஸ்டுக்குக் குடுங்க. என் முதல் கல்லைக் கக்கூஸ்ல தண்ணி ஊத்தி அனுப்பிட்டேன்.