கொழும்பு வடக்கின் டொக்டர் சரவணமுத்து: கேள்வி பதில்

கொழும்பு மாநகரத்தின் முதல் தெரிவுசெய்யப்பட்ட மேயர் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து பற்றி போன மாதம் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். இந்த நகரத்தில் நெடுங்காலம் வரலாறு படிப்பித்தவன் என்ற வகையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

சேர், கொழும்பு 13இல் அவர் பெயரில் ஒரு மாவத்தை இருக்கிறது. அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. யார் இவர்? (ஏ.எல். மாணவன், கொட்டாஞ்சேனை)

தம்பி, தொழிலால் வைத்தியர், தமிழர். 1931இல் அரசாங்க சபைக்கு (அந்தக் காலத்துச் சட்டசபை) நடந்த முதலாவது தேர்தலில் கொழும்பு வடக்குத் தொகுதியில் வென்றவர். தேர்தல் மனு ஒன்றினால் அந்த ஆசனம் பறிபோனது. 1932இல் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து நின்று வென்றார். டொக்டர் 1937இல் கொழும்பின் மேயரானார். அதற்கு முன்னர் மாநகர சபையின் தலைமைக் கதிரையில் அரசாங்கம் நியமித்த அதிகாரிதான் இருப்பார். அந்த வழக்கம் இவரோடு முடிந்தது.

ஒரு தமிழர் கொழும்பு வடக்கில் வென்றார் என்றால் அங்கே தமிழ் வாக்குகள்தான் கூடுதலாக இருந்திருக்குமா? (வெள்ளவத்தை வாசகி)

இந்தக் கேள்வி ஐந்தாறு பேரிடமிருந்து வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1931 வரை இலங்கைச் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்குரிமை. சொத்து, வருமானம், படிப்பு எல்லாம் பார்த்துக் கொடுத்தார்கள். அரசாங்க சபைக்கு முன்பிருந்த சட்டநிரூபண சபையில் ஒரு பகுதி ஆசனங்களும் இன வாரியாக ஒதுக்கப்பட்டிருந்தன. பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவை அடுத்து வந்த அரசியலமைப்பு இரண்டையும் மாற்றியது. 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்கு, இனவாரி ஆசனங்கள் இல்லை. 50 பேரைத் தொகுதிகள் தெரிவுசெய்யும், 8 பேர் நியமனம், அவர்களோடு மூன்று அரச அதிகாரிகள். இதுதான் அரசாங்க சபை.

இப்போது கொழும்பு வடக்கை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தை ஒட்டிய பகுதி. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், மலாயர், கொழும்புச் செட்டிகள் என்று எல்லாரும் நெருங்கி வாழும் இடம். மூட்டை சுமக்கிறவரும் கடை வைத்திருப்பவரும் அன்றுதான் முதன்முதலாக ஒரே வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அப்படிப்பட்ட தொகுதியில் ஓர் இனத்தின் வாக்கை மட்டும் வைத்துக்கொண்டு கரையேற முடியாது.

அந்தக் காலத்து வாக்களிப்பு இன்றைய மாதிரி இல்லை. வாக்குச்சீட்டில் புள்ளடி போடும் வேலையே கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய், விருப்பமான நிறப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வரவேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒருவரும் யாரிடமும் கேட்காமல் வாக்களிக்கலாம். குறையும் இருந்தது. சீட்டைப் பெட்டிக்குள் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வந்து வெளியே கைமாற்ற முடிந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே 1931இல் யாழ்ப்பாணத்தில் வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. முழுமையான சுயராச்சியம் தராத அரசியலமைப்பு என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன. அந்த நேரத்தில் தலைநகரில் ஒரு தமிழ் வைத்தியரை எல்லாச் சமூகத்தவரும் சேர்ந்து தெரிவுசெய்தார்கள். நமது அரசியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாழ்ப்பாணத்துப் பகிஷ்கரிப்புக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குகிறார்கள், இதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

தேர்தல் மனுவில் பதவி போனதென்றால் மனுசன் ஏதோ பிழை செய்திருக்கிறார்தானே? (மருதானை வாசகர்)

நீதிமன்றம் தெரிவைச் செல்லாதென்று சொன்னால் அது செல்லாதுதான். அதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பிரித்தானியரிடமிருந்து வந்த தேர்தல் சட்டத்தில், வேட்பாளருக்காக வேலை செய்யும் முகவர் செய்த குற்றமும் வேட்பாளரின் தலையில்தான் விழும். வாக்காளருக்குச் சாப்பாடு கொடுத்தல், ஆள்மாறாட்டம், பயமுறுத்தல் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். 1931இல் முதன்முதலாக லட்சக்கணக்கானோர் வாக்களித்தபோது இந்த விதிகள் வேட்பாளருக்கும் புதிது, ஆதரவாளருக்கும் புதிது.

வைத்தியர் ஒருவருக்கே நேர்ந்த இன்னொரு கதை கேளுங்கள். கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, கொழும்பிலேயே வாழ்ந்த டொக்டர் மேரி இரத்தினம், 1937இல் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் வென்று மாநகர சபையின் முதல் பெண் உறுப்பினரானார். அவரும் சில மாதங்களிலேயே மனுவினால் ஆசனத்தை இழந்தார். ஆனாலும் கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதியை வளர்த்து, 1958இல் மக்சேசே விருது பெற்றார். ஆசனம் போனதோடு ஆளின் பெறுமதியும் போய்விட்டதென்று நினைக்க வேண்டாம்.

நேசம் சரவணமுத்து கணவனின் கதிரையைப் பிடித்துவைக்க வந்தவர்தானே, அண்ணை? (வத்தளை)

இல்லை, தம்பி. 1932இல் அப்படித்தான் தொடங்கியது என்று வாதிடலாம். கணவன் நிற்க முடியாத இடத்தில் மனைவி நின்றார், உண்மை. ஆனால் 1936 பொதுத்தேர்தலிலும் அதே தொகுதி அவரையே தெரிவுசெய்தது. 1941 ஜனவரியில் இறக்கும்வரை அவர்தான் கொழும்பு வடக்கின் உறுப்பினர். கணக்குப் பார்த்தால் டொக்டரைவிட எத்தனையோ மடங்கு காலம் அவர் அந்தச் சபையில் இருந்திருக்கிறார்.

இலங்கையில் சட்டசபைக்குத் தெரிவான முதல் பெண் அட்லின் மொலமூரே, 1931 நவம்பரில் ருவன்வெல்லை இடைத்தேர்தலில். இரண்டாவது நேசம். தமிழ்ப் பெண்களில் அவரே முதல்வர். இந்தச் செய்தி எத்தனை தமிழ்ப் பாடசாலை மாணவிகளுக்குத் தெரியும் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். டொக்டரின் கதையை எழுதப் போய், கதையின் பெரிய பகுதி அவருடைய மனைவியுடையது என்று கண்டதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பலன்.

வைத்தியர் என்றபடியால் சுகாதார அமைச்சராகியிருப்பாரா?

ஆகவில்லை. அரசாங்க சபையில் உறுப்பினர்களை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவுசெய்யும், அவரே அமைச்சர். முதல் சுகாதார அமைச்சர் ரி. பி. பானபொக்கே. அவர் சட்டத்துறை சார்ந்தவர்.

மேயர் பதவி ஓர் அலங்காரப் பதவிதானே. சட்டசபை உறுப்பினராக இருந்தவருக்கு அது இறக்கம் இல்லையா? (தெகிவளையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தர்)

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். ஒரு வைத்தியருக்கு மாநகர சபையைவிடப் பொருத்தமான அரசியல் களம் வேறு எது? குடிதண்ணீர், வடிகான், குப்பை, சந்தை, இறைச்சிக் கடை, பிரசவ விடுதி, தொற்றுநோய்ப் பரிசோதனை எல்லாம் நகரசபையின் கையில். 1914இல் கொழும்பில் பிளேக் வந்தபோது எலி ஒழிப்பும் சேரி வீடுகளும்தான் பெரிய பிரச்சினையாகின. மருந்துப் போத்தலால் தீர்கிற நோய் கொஞ்சம், கானைத் திருத்தினால் தீர்கிற நோய் அதிகம். இதை டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்தியர் நாளாந்தம் காண்கிறார். மழை விட்ட கையோடு ஒரே சேரித் தோட்டத்திலிருந்து பத்துப் பிள்ளைகள் வயிற்றோட்டத்தோடு வந்தால் எந்தக் கான் அடைத்திருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிடும்.

மேயரை அப்போது மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யவில்லை, உறுப்பினர்கள்தான் தெரிவுசெய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதாவது பல இனத்தவர் இருந்த ஒரு சபை, தன் முதல் மேயராகத் தமிழர் ஒருவரை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டு, 1936இல், அரசாங்க சபையில் ஏழு அமைச்சர்களும் சிங்களவராகவே அமைந்த அமைச்சரவை உருவாகியிருந்தது. இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அவர் காலத்தில் வேறு வைத்தியர்களும் அரசியலில் இருந்தார்களா?

இருந்தார்கள். 1931இலேயே மொறவக்க தொகுதியில் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க வென்றார். 1934-35இல் மலேரியா பரவி ஏறத்தாழ 80,000 பேர் இறந்தபோது, பூவரசம் பூ விற்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்களோடு கிராமங்களில் நிவாரண வேலை செய்தவர். அந்த வட்டத்திலிருந்துதான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. பிறகு பிரிந்துபோய் 1943இல் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தவர்களில் அவர் முதன்மையானவர். அவருடைய மனைவி டொரீனும் 1952இல் அக்குரஸ்ஸ தொகுதியில் நாடாளுமன்றம் போனார். நேசத்தின் கதையோடு இது ஒத்துப்போவதைக் கவனியுங்கள்.

முன்னைய தலைமுறையில் சத்திரசிகிச்சை நிபுணர் டபிள்யூ. ஜி. றொக்வூட் 1898இல் தமிழர் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குப் போனார். அது தேசாதிபதியின் நியமனம், தேர்தல் அல்ல. 1911இல் படித்த இலங்கையருக்கென்று ஓர் ஆசனம் வந்தபோது சட்டத்தரணி பொன்னம்பலம் இராமநாதனும் வைத்தியர் மார்கஸ் பெர்னாண்டோவும் மோதினார்கள். இராமநாதன் வென்றார். பிற்காலத்தில் டொக்டர் இ. மு. வி. நாகநாதன் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1960 முதல் 1970 வரை நல்லூரின் உறுப்பினர்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ஒஃபிசர். வேலையில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்கலாமா?

கவனம் தேவை, மகன். அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை, குறிப்பிட்ட தரத்துக்கு மேற்பட்ட அரச உத்தியோகத்தர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாதென்கிறது. நியமனப் பத்திரம் கொடுக்கும் முன்பே சட்டத்தரணி ஒருவரிடம் உங்கள் பதவித் தரத்தைக் காட்டிக் கேளுங்கள். வென்றபிறகு வழக்குக்கு அலைவது உங்களுக்கு வாக்களித்தவர்களுக்கும் செய்யும் அநியாயம்.

மாகாண சபை வழியாக ஒரு வைத்தியர் ஏதும் செய்ய முடியுமா? (வவுனியாவிலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்பவர்)

1987இன் 13ஆவது திருத்தத்தின்படி சுகாதாரத்தில் பெரும்பங்கு மாகாணத்துடையது. 2013இல் வட மாகாண சபை வந்தபோது வைத்தியர் ப. சத்தியலிங்கம் சுகாதார அமைச்சரானார். அவருக்குப் பிறகு வந்த ஞா. குணசீலனும் வைத்தியர்தான். ஆனால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகள் கொழும்பு அமைச்சின் கீழேயே இருக்கின்றன. வட மாகாண சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தேர்தல் வைக்கவில்லை. எனக்கு இதில் உள்ள கோபத்தை மறைக்க மாட்டேன். கிராமத்து ஆஸ்பத்திரிக்கு எங்கே தாதி இல்லை, எங்கே அம்புலன்ஸ் இல்லை என்று தெரிந்த ஆட்கள் இருந்து பேசவேண்டிய சபை அது.

அங்கிள், பி. சரா ஓவல் மைதானத்துக்கும் இவருக்கும் சம்பந்தம் இருக்கா? (பொரளை, கிரிக்கெட் பைத்தியம்)

இருக்கிறது, பிள்ளை. பி. சரா என்பது பாக்கியசோதி சரவணமுத்து, டொக்டரின் தம்பி. சிவில் சேவை அதிகாரி. 1948இல் அமைந்த இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர். 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது அந்த மைதானத்தில்தான். இன்னொரு சகோதரர் மாணிக்கசோதி மலாயாவின் பினாங்கில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். 1941 டிசம்பரில் பிரித்தானியர் ஊரைக் கைவிட்டுப் போனபின், கோட்டைக் கொடிக்கம்பத்தில் பறந்த பிரித்தானியக் கொடியை இறக்கி, குண்டு போடுவதை நிறுத்தும்படி யப்பானியருக்கு வானொலியில் அறிவித்தவர். அவரைப் பற்றித் தனியாக எழுதும்படி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதம் எழுதுகிறேன்.