மைன்கிராப்ட் கணினி விளையாட்டில், பலர் சேர்ந்து விளையாடும் சேர்வரில் பிளகின் (சேர்வரில் சேர்க்கும் துணை நிரல்) வழியாகச் சொந்த ஒலியை எழுப்ப முயல்கிறேன். ஒலியும் வரவில்லை, பிழைச்செய்தியும் வரவில்லை. என்ன காரணம்?

பிழைச்செய்தி வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், பிளகினின் நிரலைத்தான் நாட்கணக்காகத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். நானும் மூன்று வாரங்கள் அப்படித்தான் இருந்தேன். நிரலை விட்டுவிட்டு, ஒலிகளையும் படங்களையும் விளையாடுபவரின் கணினிக்குக் கொண்டுபோகும் கோப்புத் தொகுப்பான ரிசோர்ஸ் பேக்கைப் பாருங்கள். பிளகின், ‘இந்தப் பெயருள்ள ஒலியை இந்த இடத்தில் எழுப்பு’ என்ற செய்தியை மட்டுமே அனுப்புகிறது. அந்தப் பெயருக்குரிய கோப்பு விளையாடுபவரின் கணினியில் இல்லாவிட்டால் அது சேர்வருக்குத் தெரியவே வராது. எச்சரிக்கை இருந்தால், விளையாடுபவரின் கணினியில் விளையாட்டு எழுதிவைக்கும் லொக் கோப்பில்தான் இருக்கும்.

திருகோணமலையில் இருக்கும் நானும், சித்தப்பாவின் பிள்ளைகளும், வெளிநாடு போய்விட்ட பள்ளித் தோழர்களும் சேர்ந்து பிரெட்றிக் கோட்டையையும் அதனுள்ளே சுவாமிமலை உச்சியிலுள்ள கோணேசர் கோவிலையும் எங்கள் சேர்வரில் கட்டினோம். மாலைப் பூசை மணியை வெளியே நின்று கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன். கடற்காற்றின் இரைச்சல் குறைந்த பதிவு நான்காம் நாள்தான் கிடைத்தது.

கைத்தொலைபேசி எம்4ஏ வடிவத்தில் தந்த அந்தக் கோப்பின் பெயரை, மைன்கிராப்ட் ஏற்கும் வடிவமான ஓஜிஜி என்று மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தது என் முதல் தவறு. பெயரை மாற்றுவதால் வடிவம் மாறாது. ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து ஓஜிஜி வோர்பிஸாக ஏற்றுமதி செய்யவேண்டும். கோப்பின் பெயரில் பெரிய ஆங்கில எழுத்து ஒன்றும் இருந்தது; அதுவும் ஆகாது. இவற்றைத் திருத்தியதும் மணி ஒலித்தது. ஆனால் சித்தப்பாவின் மகன், “அண்ணா, எங்க போனாலும் மணி என்ட காதுக்குள்ளயே அடிக்குது” என்றான். பதிவு ஸ்டீரியோவாக, அதாவது இடம் வலம் என இரு தடங்களாக, இருந்ததே காரணம். மைன்கிராப்ட் ஒரே தடமுள்ள மோனோ ஒலியை மட்டுமே தூரத்திற்கும் திசைக்கும் ஏற்பக் குறைத்தும் கூட்டியும் தருகிறது. மோனோவாக்கிப் புதிய பேக்கை ஏற்றிய பின்பும் அவனுக்குப் பழைய மணியே கேட்டது. சேர்வர் அமைப்புக் கோப்பில் பேக்கின் ஷா-1 குறியீட்டை (கோப்பின் உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் அடையாள எண்) நான் மாற்றாததால், அவனுடைய கணினி முன்பு இறக்கி வைத்திருந்த பேக்கையே எடுத்துக்கொண்டது.

விளையாட்டையே மாற்றும் கூடுதல் நிரலான மொட் போட்டால் இவ்வளவு வேலை இல்லையே என்று சிலர் சொல்லக்கூடும். எங்களோடு விளையாடுபவர்களில் பத்து வயதுப் பிள்ளைகள் உண்டு. அவர்கள் ஒவ்வொருவரையும் மொட் நிறுவச் சொல்ல இயலாது. ரிசோர்ஸ் பேக்கோ சேர்வரில் நுழையும்போது சம்மதம் கேட்டுத் தானாகவே இறங்கிவிடும். உதவி கேட்ட ஒரு குழுவில், விளையாட்டிலேயே மணியோசை இருக்கும்போது சொந்த ஒலி எதற்கு என்று ஒருவர் எனக்கு எழுதினார். அது எங்கள் கோவில் மணி அல்ல என்பதை அவருக்கு எப்படி விளக்குவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிளகினில் கொடுக்கும் ஒலி அளவு 1 என்றால் ஏறத்தாழ 16 பிளொக் (விளையாட்டு உலகின் கனசதுரக் கட்டி) தூரம் கேட்கும். 4 என்று கொடுத்தால் சத்தம் கூடுவதில்லை. கேட்கும் எல்லை மட்டும் 64 பிளொக்காக விரியும். நான் 4 என்றே வைத்தேன். வெளிநாட்டிலிருக்கும் தோழன் ஒருவன் கோட்டை வாசலில் தொடங்கி மெல்ல நடந்து வந்து, மான்கள் நிற்கும் இடத்தைத் தாண்டியதும் மணி கேட்கத் தொடங்குகிறது என்று எழுதினான். பிறகு திரும்பிப் போய், வாசலிலிருந்து மீண்டும் ஒருமுறை நடந்து வந்தான்.