ஸ்பீட் தண்டம்: கட்டுவதா, கோடேறுவதா?

நீதிமன்றத்தில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏ9 வீதியில் வேகத்துக்குத் தண்டம் வாங்கியவர்கள் கேட்டதற்கெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டில் பதில்.

பரந்தனிலிருந்து ஒரு தம்பி: ஐயா, தண்டப்பத்திரத்தைத் தந்துவிட்டு லைசன்சை வாங்கி வைத்துவிட்டார்கள். நான் அந்த வேகத்தில் ஓடவே இல்லை. கட்டாமல் விட்டால் என்ன?

14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது, வழக்கில்லை. அதுவரை அந்தப் பத்திரமே தற்காலிக லைசன்ஸ். 28ஆம் நாள் வரை இரட்டிப்பு. அதற்கும் பிறகு நீதவான் நீதிமன்றம். வழக்காடத்தான் போகிறீர்கள் என்றால் கட்டாமல், குறித்த திகதிக்குப் போய் நில்லுங்கள். போகாவிட்டால் பிடியாணை வரலாம். குற்றச்சாட்டை வாசித்ததும் ‘சுற்றவாளி’, அதாவது குற்றம் செய்யவில்லை, என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் ‘குற்றவாளி’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து முழித்தவர்கள் எத்தனை பேர்! ஓரெழுத்துத்தான் வித்தியாசம்.

மாங்குளத்திலிருந்து ஒரு தங்கச்சி: என் காரை ஒரு பஸ் முந்திப் போன நேரம்தான் மறித்தார்கள். பஸ்ஸின் வேகம் என் தலையில் விழுந்திருக்குமோ?

விழுந்திருக்கலாம். வழக்காடத் தகுந்த விஷயம் இதுதான். பொலிஸ் வேகம் பிடிக்கிற கருவி ரேடார் என்றால் அதன் அலை டோர்ச் வெளிச்சம் மாதிரி, தூரம் போகப் போக அகலும். இரண்டு வாகனமும் அதற்குள் அகப்பட்டால் எது யாருடைய வேகம் என்பது சந்தேகம். லேசர் என்றால் கதிர் ஒடுக்கம், இந்த வாதம் அவ்வளவு எடுபடாது. அதனால் குறுக்கு விசாரணையில் கேளுங்கள்: எந்த வகைக் கருவி, எவ்வளவு தூரத்தில் பிடித்தது, அப்போது வேறு வாகனம் இருந்ததா, கடைசியாக எப்போது பரிசோதித்தது. இன்றைக்கே நேரம், கிலோமீற்றர் கல், பஸ்ஸின் நிறம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கூட வந்தவர் இருந்தால் சாட்சிக்கு ஆள் கிடைத்தது. ‘கருவியைச் சரிவாகப் பிடித்தார்’ என்று மட்டும் வாதாடிவிடாதீர்கள். சரிவாகப் பிடித்தால் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

முள்ளியவளை: பத்திரம் முழுக்கச் சிங்களத்தில் நிரப்பியிருக்கிறது.

அதை மட்டும் பிடித்துக்கொண்டு வெல்லலாம் என்று நம்ப வேண்டாம். ஆனால் வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. பொலிஸ்காரர் சிங்களத்தில் சாட்சி சொன்னால் மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்குங்கள்.

புளியங்குளம்: ஆட்டோவில் 52 போனதற்கு எழுதிவிட்டார்கள். 70 வரை போகலாம்தானே?

அது ஊருக்கு வெளியே காருக்கு, அண்ணை. ஊருக்குள் காருக்கே 50. ஆட்டோவுக்கு 40. கட்டிவிடுங்கள்.

ஒட்டுசுட்டான்: சட்டத்தரணி வேண்டுமா?

முதல் தவணைக்கு, அதாவது முதல் வழக்குத் திகதிக்கு, தேவையில்லை. சாட்சிகளை விசாரிக்கிற விளக்கத்துக்கு வைத்தால் நல்லது. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் மூன்று தவணைக்கு மூன்று நாள் சம்பளத்தை இழப்பார். தோற்றால் மன்று போடும் தண்டம் பத்திரத்தில் உள்ளதைவிடக் கூடவும் வரலாம். கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.