கலை நிர்வாகம், பழைய கட்டடப் பாதுகாப்பு இதெல்லாம் ஒரு தொழிலா, திருகோணமலையில இருந்துகொண்டு செய்யலாமா?

ஏலெவல் முடிச்ச தம்பி கேட்டிருக்கிறார், வீட்டில எல்லாரும் டீச்சிங்குக்குப் போ எண்டு சொல்லுறாங்களாம். தம்பி, தாராளமா செய்யலாம், ஆனா இது கட்டடத்தை ரசிக்கிற வேலை எண்டு மட்டும் நினைச்சு வந்திடாதீங்க, பாதி நாள் பட்ஜெட், புரொபோசல், அனுமதிக் கடிதம் எண்டுதான் போகும். 1940ஆம் ஆண்டு தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில தொல்பொருள் திணைக்களத்தின்ர அனுமதியில்லாம ரிப்பேர்கூட செய்யேலாது.

மற்றப் பாதிதான் உயிர். எங்கட திருகோணமலைக் கோட்டை வாசல் கல்லில இருக்கிற பாண்டியரின்ர இரட்டை மீன் சின்னத்தையும், கோணேசர் கோயில் திருப்பணி செய்தவர் எண்டு சொல்லுற குளக்கோட்டன் மன்னரைப் பற்றின கல்வெட்டையும் பாத்திருப்பீங்க, அதில எந்த எழுத்து தேயுது, மழைத்தண்ணி எந்தப் பக்கத்தால வழியுது எண்டு போட்டோ எடுத்து, அளந்து, திகதி போட்டு எழுதிவைக்கிறதிலதான் எல்லாம் தொடங்குது. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு சீமெந்து பூசினா ஈரம் வெளிய வரேலாம உள்ளுக்கயே நிண்டு, கடலுப்பு பொருமி, கல்லே உதிரும், இதைக் கோயில் திருப்பணிக்காரருக்குச் சண்டையில்லாம விளங்கப்படுத்திறதும் உங்கட வேலைதான், எனக்கு அதுதான் பெரிய வேலையாத் தெரியுது.

படிப்புக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில தொல்லியல் இருக்கு, கட்டடக்கலை படிச்சா மொறட்டுவையில மரபுரிமைப் பாதுகாப்பு மாஸ்டர்ஸ் செய்யலாம், கலைப்பக்கம் விருப்பமெண்டா மட்டக்களப்பு விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகம். சிங்களமும் கணக்குவழக்கும் இப்பவே பழகுங்க.