வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் அறிக்கைகள் ஒவ்வொன்றும் 300, 400 பக்கம் போகும். "எவ்வளவு அடித்தாலும் தாங்கும்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னதை நம்பி, 5 ஆண்டு லீஸில் லேசர் பிரிண்டர் எடுத்தோம். விளம்பரத் தாளில் மாதம் 1,50,000 பக்கம் என்று இருந்தது. நாங்கள் அடிப்பது 40,000தான். ஆனாலும் பாதி அறிக்கையில் தாள் சிக்குகிறது. மைத்தூளைச் சூட்டில் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசர் இரண்டு முறை மாற்றியாயிற்று. டோனர் சீக்கிரமே தீர்கிறது. சர்வீஸ்காரர் எங்களையே திட்டுகிறார். வாடகையை நிறுத்திவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: சர்வீஸ்காரர் திட்டியதெல்லாம் வழக்கில் நிற்காது. டோனரையும் விடுங்கள். ஒரு டோனர் எத்தனை பக்கம் வரும் என்று ஐ.எஸ்.ஓ. 19752 என்ற சர்வதேசத் தர முறையில் கணக்கிடுவது சுமார் 5 சதவீதம் மை விழும் சோதனைப் பக்கத்தை வைத்து. உங்கள் அறிக்கையில் வரைபடப் பக்கங்கள் இருந்தால் அவை அதற்குள் அடங்காது.

கையெழுத்துப் போடுமுன், மாதம் இத்தனை பக்கம், இவ்வளவு நீள அறிக்கை என்று எழுத்தில் சொன்னீர்களா? அதுதான் வழக்கு. ஒரு மின்னஞ்சல் இருந்தாலும் போதும். இல்லையென்றால் அந்த 1,50,000ஐ நம்பி இறங்காதீர்கள். அது டியூட்டி சைக்கிள், அதாவது ஒரு மாதத்தில் மெஷின் தாங்கக்கூடிய உச்சவரம்பு; மாதாமாதம் அடிக்கச் சொல்லும் அளவு அல்ல. பக்கத்திலேயே 'பரிந்துரைக்கப்படும் மாத அளவு' என்று இன்னொரு எண் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் முதல் எண்ணில் சிறு பங்குதான் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அதைத்தான்.

இனி வாடகை. பத்திரத்தைப் புரட்டுங்கள். வாடகை வாங்குவது அநேகமாக விற்றவர் அல்ல, ஒரு நிதி நிறுவனம். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை கட்ட வேண்டும் என்ற ஷரத்து இருக்கும். நிறுத்தினால் மீதித் தவணை மொத்தத்தையும் உடனே கேட்கும் உரிமையும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். கையில் நல்ல ஆதாரம் வைத்திருந்த கட்சிக்காரர்களே கோபத்தில் தவணையை நிறுத்தி, வாதியாக வர வேண்டியவர்கள் பிரதிவாதியாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். மெஷினைத் திட்டிக்கொண்டே நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு பக்கமும் மெஷினின் பக்க மீட்டரில் ஏறுகிறது. பொருளை ஏற்றுக்கொண்டீர்கள் என்பதற்கு அந்த எண்ணையே காட்டுவார்கள். 'கோளாறு சரிசெய்யப்பட்டது' என்ற சர்வீஸ் சீட்டில் உங்கள் உதவியாளர் படிக்காமல் போட்ட கையெழுத்தும் அப்படித்தான்.

சமரசம் பேசுங்கள். ஆட்சேபத்துடன் கட்டுகிறோம் என்று எழுதிக்கொடுத்துத் தவணையைக் கட்டிவாருங்கள். தாள் சிக்கிய தேதி, அன்றைய மீட்டர் எண், மெஷினின் பிழைப் பதிவு மூன்றையும் இணைத்து, பெரிய மெஷின் மாற்றித் தரும்படி விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அதிலும் அவர்களுக்கு லாபம் உண்டு: பழைய லீஸின் பாக்கியைப் புதியதில் சத்தமில்லாமல் சேர்த்துவிடுவார்கள். பாக்கி எவ்வளவு, யார் தலையில் என்று தனி வரியாக எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 40,000 பக்கம், 400 பக்க அறிக்கை என்பதும் இந்த முறை பத்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும்.