ஆஸ்பத்திரியில் புதுத் தொற்று வராமல் இருக்க: கேள்வி-பதில்

புதுச்சேரி, கடலூர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் கேட்டவற்றிலிருந்து சில.

அப்பாவுக்கு யூரின் டியூப் போட்டிருக்கிறார்கள். பையைக் கட்டில்மேல் வைக்கலாமா? (வில்லியனூர்)

வேண்டவே வேண்டாம். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழேதான் தொங்க வேண்டும். மேலே தூக்கினால் தேங்கிய சிறுநீர் டியூப் வழியே திரும்ப உள்ளே போகும், கிருமியும் கூடவே போகும். எக்ஸ்ரேவுக்குப் போகும்போது நோயாளியின் வயிற்றின்மேல் பையை வைத்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். தரையிலும் படக் கூடாது. பையிலிருந்து சிறுநீரை வடிக்க ஒருவருக்கு வைத்த அளவுக் குடுவையை அடுத்தவருக்கு எடுக்கக் கூடாது.

இதையெல்லாம்விட முக்கியம், டியூப் இருக்க இருக்கத் தொற்று வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும் என்பது. ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் "இது இன்னும் தேவையா சார்?" என்று கேளுங்கள். நீங்களாக இழுத்துவிடாதீர்கள், டியூப் நழுவாமல் இருக்க உள்ளே சின்ன பலூன் ஊதியிருக்கும்.

"கை கழுவினீங்களா" என்று நர்ஸிடம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? (கடலூர் முதுநகர்)

தாராளமாகக் கேளுங்கள். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணக்கூறு முடித்து வரும் டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்ததும் பிரசவ வார்டில் சாவு மளமளவெனக் குறைந்தது. சங்கடமாக இருந்தால், "சிஸ்டர், ஹேண்ட்ரப் இங்க இருக்கு" என்று கையில் தேய்த்துக்கொள்ளும் அந்த ஆல்கஹால் திரவ பாட்டிலை நகர்த்தி வையுங்கள். நல்ல நர்ஸ் தப்பாக நினைக்க மாட்டார்.

ஹேண்ட்ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கட்டைவிரலும் நகக்கண்ணும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். வயிற்றுப்போக்கு நோயாளி என்றால் சோப்புதான், சில கிருமிகளின் ஸ்போர்கள் (கெட்டி ஓடு போட்ட வித்துகள்) ஆல்கஹாலுக்கு மசியாது. உங்களுக்கும் இதே விதிதான். பக்கத்துக் கட்டில் பாட்டிக்குத் தண்ணீர் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பது நல்ல மனசு, அதே கையோடு உங்கள் ஆளைத் தொடாதீர்கள்.

கிளவுஸ் போட்டால் போதுமே? (பாகூர்)

போதாது. கழற்றியதும் கை கழுவ வேண்டும். ஒரே கிளவுஸோடு இரண்டு நோயாளியைத் தொடவே கூடாது.

ஆபரேஷனுக்கு முன் வீட்டிலேயே ஷேவ் செய்துகொண்டு வரலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

வேண்டாம். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், அங்கேதான் கிருமி குடியேறும். முடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் (முடி கத்தரிக்கும் மெஷின்) எடுப்பார்கள். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள்.

வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடும் சின்னக் குழாய்) போட்ட இடம் சிவந்து வலிக்கிறது. ட்ரிப்ஸ் இறங்குகிறதே, விட்டுவிடலாமா? (பண்ருட்டி)

விடாதீர்கள், உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அதை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டியிருக்கும். நம் ஊர் வெக்கையில் வியர்த்து பிளாஸ்டர் கிளம்பிவிடும். ஓரம் தூக்கினாலோ நனைந்தாலோ அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.